கையால் எழுதிய மலை வழிகாட்டி

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் நடப்பவர்களுக்காக ஆல்ஃப்ரெட் வெயின்ரைட் உருவாக்கிய ஏழு தொகுதி வழிகாட்டி, 1955 முதல் 1966 வரை வெளிவந்தது. கெண்டல் நகராட்சியில் பொருளாளராக இருந்த அவர், விடுமுறை நாள்களில் பேருந்தில் சென்று நடந்து, 214 மலைகளையும் பற்றிய எழுத்து, கோட்டோவியம், வரைபடம் அனைத்தையும் தம் கையாலேயே தீட்ட, அச்சுக்கோப்புக்கு வேலையின்றி அப்பக்கங்கள் அப்படியே அச்சேறின.

நூலின் உயிர், ஏறுவழியைக் காட்டும் பக்கங்களில் இருக்கிறது. அடியில் வரைபடமாகத் தொடங்கும் சாலையும் கல்சுவரும் ஓடையும், பக்கத்தில் மேலே செல்லச் செல்ல மலையின் தோற்றமாகவே மாறிவிடுவதால், எந்த ஓடையைத் தாண்டித் திரும்புவது என்பதை ஒரே பார்வையில் புரிந்துகொள்ளலாம். இடையிடையே அவருடைய குறும்பும் எட்டிப்பார்க்கிறது; அரசாங்க வழிகாட்டிகளில் அதைத் தேடினாலும் கிடைக்காது.

எழுத்து மிகப் பொடியாக இருப்பதால், மழைத் தூறலில் நின்று படிப்பது சிரமம். பழைய பதிப்பின் பாதைகள் பல இடங்களில் மாறிவிட்டதால் அதை வீட்டில் ரசித்துப் படிக்கலாம். நடப்பதற்கு, 2005 முதல் வெளிவந்த திருத்திய பதிப்புகளில் ஒன்றை வாங்கி, பிரிட்டனின் தேசிய நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தையும் உடன் வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.