முன்திட்டமா, எழுத எழுத வளரும் கதையா?

ரங்கூன் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதையை நாவலாக எழுதத் தொடங்கும்போது, முழுத் திட்டம் போட்டுக்கொள்வதா, முதல் வரியைப் பிடித்துக்கொண்டு கதை இழுத்த இழுப்புக்குப் போவதா என்ற கேள்வி எனக்கும் வந்தது. திட்டத்தின் பக்கம் சாய்ந்தேன். இன்றும் அந்தப் பக்கம்தான்.

திட்டம் இருந்தால் பாதியில் நிற்காது, இல்லாவிட்டால் எழுதும் சுகம் கூடும் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தது. எனக்கு முடிவைச் சொன்னது திருத்தம்.

பர்மாத் தமிழரின் கதையில் சில தேதிகளை அசைக்க முடியாது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. அரக்கான் மலைகளைத் தாண்டியும், எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கும் லட்சக்கணக்கானோர் நடந்தார்கள். 1964இல் கடைகள் தேசியமயமாயின. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கப்பல் கப்பலாக மக்கள் சென்னைக்குக் கிளம்பினார்கள்.

என் திட்டம் ஒரே தாள். இடப்பக்கம் ஆண்டுகள், மேலே பெயர்கள், கட்டங்களில் வயது. பாட்டியை 1932இல் பிறந்தவளாகக் குறித்திருந்தேன். நடைப்பயணத்தில் அவளுக்கு 10 வயது. தம்பியை இடுப்பில் சுமக்கும் பெண். அவளையே ஒருவர் தோளில் தூக்கிப் போகவேண்டும் என்று தோன்றியதும் 1937 ஆக்கினேன். உடனே 1964இல் அவள் 27 வயதுக் கைக்குழந்தைக்காரியானாள். செல்லாத நோட்டோடு பால் டின்னுக்கு அலையும் அத்தியாயம் அந்த மாற்றத்தில்தான் பிறந்தது. தாளில் அழித்தெழுத ஒரு மாலை போதும். இதுவே 200 பக்கம் எழுதியபின் வந்தால், அவள் யாரை அக்கா என்கிறாள், யாரை வாடா என்கிறாள் என்பது வரை ஒவ்வோர் உரையாடலையும் மாற்றவேண்டும்.

எழுத எழுத வளர்ப்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பாத்திரம் வாய் திறக்கும்போது எதிர்பாராத சொல் வந்து விழுவது அந்த முறையில்தான் அதிகம். அதனாலேயே உரையாடலை நான் திட்டத்தில் சேர்ப்பதில்லை. ஒரே ஊரில், ஒரு மழைக்காலத்துக்குள் முடிகிற சிறு நாவலுக்கு இந்தத் தாள் தேவையா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். அப்படி ஒன்றை நான் எழுதியதில்லை.

குடும்பக் கதை எழுத விரும்பும் இளையவர்கள் முதல் அத்தியாயத்துக்கு முன் வீட்டுப் பெரியவர்களின் பிறந்த ஆண்டுகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கும் ஆண்டு நினைவிருக்காது. “ஜப்பான்காரன் வந்தபோது தொட்டிலில் கிடந்தேன்” என்பார்கள். கட்டத்தை நிரப்ப அது போதும்.