ஆப்பிரிக்கா செக்: தண்ணீருக்குப் போராடும் ஊரிலிருந்து ஒரு மதிப்புரை

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பக்கம் தண்ணீர், கரண்ட், வீட்டுவரி என்று எதற்காகக் குழு சேர்ந்து போராடினாலும் ஆப்பிரிக்கா செக்கைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதனால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

2012-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் தொடங்கிய உண்மை சரிபார்ப்பு அமைப்பு இது, காசு வாங்குவதில்லை. அமைச்சர் சொன்ன கணக்கோ வாட்ஸ்அப்பில் சுற்றும் படமோ, சொன்னவரிடமே ஆதாரம் கேட்கிறார்கள், அப்புறம் மூலத்தைத் தேடிப் போகிறார்கள், எங்கே பார்த்தோம் என்பதையும் இணைப்போடு போட்டுவிடுகிறார்கள். தீர்ப்பும் சரி, தவறு என்ற இரண்டோடு நிற்பதில்லை, மிகைப்படுத்தியது, திசைதிருப்புவது, நிரூபிக்கப்படாதது என்றும் உண்டு. அந்த 'நிரூபிக்கப்படாதது' எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் குழுக்களில் "இன்னும் தெரியவில்லை, பொறுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அவரை நகராட்சி ஆள் என்று முத்திரை குத்திவிடுகிறோம், இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன், பார்க்கும்போதெல்லாம் வேதனையாக இருக்கிறது.

2019-இல் வால்யூம் என்ற பாட்காஸ்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 'வாட்ஸ் கிராப் ஆன் வாட்ஸ்அப்' என்று ஒரு குரல்பதிவு நிகழ்ச்சி தொடங்கினார்கள். சந்தேகமான செய்தியை நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்ப, பதில் சில நிமிட வாய்ஸ் நோட்டாக வாட்ஸ்அப்பிலேயே வரும். அருமையான யோசனை, ஏனென்றால் டேட்டா விலைக்குப் பயந்து இணையதளம் பக்கமே போகாத பெரியம்மாக்கள்கூட வாய்ஸ் நோட்டைக் கேட்பார்கள், கேட்டதை அப்படியே அடுத்த குழுவுக்கும் தள்ளிவிடுவார்கள். புரளி வந்த வழியிலேயே பதிலும் போகிறது. கட்டுரை படிக்க நேரமில்லாதவர்கள் பழைய பகுதிகளையாவது கேளுங்கள்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2021 ஜூலையைத் தாண்டி உதாரணம் வேண்டியதில்லை. முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போன பிறகு வெடித்த கலவரத்தில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள், டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பீனிக்ஸ் வட்டாரத்தில் மட்டும் 36 பேர், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்த இரவுகளில் "வருகிறார்கள், தயாராக இருங்கள்" என்று பேர் தெரியாத குரல்கள் வீட்டுக்கு வீடு ஓடின. யார் பேசியது, எந்தத் தெரு, எத்தனை மணி என்று ஒன்றும் இருக்காது. கேட்டது நம் ஆள் அனுப்பியது என்பதற்காகவே நம்பினார்கள்.

சரி, குறைக்கு வருவோம். தேசிய அளவில் சுற்றும் பேச்சைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள், ஆனால் ஊர்ச் செய்திக்கு அங்கே பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் ஊரின் நீர்சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி மாதக்கணக்கில் குழாய் வறண்டபோது எங்களை அலைக்கழித்தது "அஞ்சு மணிக்கு டேங்கர் கோயில் முனைக்கு வருகிறது" என்கிற மாதிரிச் செய்திதான். வாளியோடு வயசானவர்கள் வெயிலில் நிற்பார்கள், டேங்கர் வேறு தெருவில் நிற்கும். ஜோஹன்னஸ்பர்க்கில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைச் சரிபார்த்துத் தர முடியாது, அது அவர்கள் வேலையும் இல்லை. ஆனால் ஆதாரம் கேட்கும் அவர்களுடைய முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம்: டேங்கரைக் கண்ணால் பார்த்தவர் மட்டும் போட வேண்டும், தெரு பெயர் தெரிகிற மாதிரி படத்தோடு, நேரத்தோடு. இரட்டை அம்புக்குறியோடு வருகிற ஃபார்வேர்டு எதுவும் எங்கள் குழுவில் இப்போது அப்படியே நிற்பதில்லை, யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி உடனே விழும்.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நமக்குச் சாதகமான செய்தியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். மறியலுக்கு வந்த கூட்டம் என்று வேறு ஊர்ப் படத்தைப் போட்டு மாட்டிக்கொண்டால், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நாம் சொல்லும் நிஜத்தையும் அதிகாரி சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவார். அரசு, எதிர்க்கட்சி, போராட்டக்காரர் என்று பார்க்காமல் எல்லோர் கணக்கையும் ஒரே தராசில் வைக்கிறார்கள் என்பதுதான் இந்தச் சேவைமேல் எனக்கிருக்கும் நம்பிக்கை.

பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது, அது பெரிய குறை. மறியலில் எங்களோடு தோளோடு தோள் நிற்கிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் பேசுவது சூலு மக்களின் மொழியான இசிசூலு. அவர்கள் காதுக்கும் அதே வாய்ஸ் நோட்டு அவர்கள் மொழியில் போய்ச்சேர ஏற்பாடு செய்தால் நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், இப்போதைக்கு நான்கு.