கிராண்ட் கேன்யன் மேதர் கேம்ப்கிரவுண்ட்: ட்ரெய்லரோடு ஓர் இரவு

அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில், வில்லேஜ் பகுதிக்குள் ட்ரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) நிறுத்த இரண்டு இடங்கள் இருக்கின்றன. ட்ரெய்லர் வில்லேஜில் கரண்ட், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு மூன்றும் உண்டு. 50 அடி வண்டியைக்கூட ரிவர்ஸ் எடுக்காமல் நிறுத்தலாம், கட்டணமும் அதற்கேற்ப அதிகம். பக்கத்திலேயே இருக்கும் மேதர், பூங்கா நிர்வாகத்தின் கேம்ப்கிரவுண்ட். ஒரு இணைப்பும் கிடையாது. ஆனால் பைன், ஜூனிப்பர் மரங்களுக்கு நடுவே தாராளமான இடம். விளிம்புக்கு நடந்தே போய்விடலாம், இலவச பஸ்ஸும் வாசலுக்கு வருகிறது. 30 அடிக்கு உட்பட்ட ட்ரெய்லர் என்றால் தயங்காமல் மேதரைச் சொல்வேன். நிபந்தனை ஒன்றுதான்: பேட்டரி தாங்க வேண்டும்.

அதுதான் பலருக்கும் தாங்குவதில்லை. இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். பகலில் வெயில் கொளுத்தினாலும் மே மாதத்திலும் அக்டோபரிலும் ராத்திரி உறைநிலையைத் தொடும். ட்ரெய்லரைச் சூடாக்கும் ஃபர்னஸ் எரிவது கேஸில்தான். ஆனால் அதன் விசிறி 12 வோல்ட் பேட்டரியில் 7 ஆம்ப் அளவுக்கு இழுக்கும். பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலே 35 ஆம்ப்-அவர் போச்சு. கேஸ் டிடெக்டர், ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு எல்லாம் தனிக் கணக்கு. வாடகை ட்ரெய்லர்களில் பெரும்பாலும் இருக்கும் ஒற்றை லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு 80 ஆம்ப்-அவர் இருக்கலாம்; கெடாமல் பயன்படுத்தக்கூடியது அதில் பாதி. விடியற்காலை நாலு மணிக்கு வோல்ட்டேஜ் இறங்கும்போது விசிறி மெதுவாகும். விசிறிக் காற்றின் வேகத்தில் இணைய வேண்டிய பாதுகாப்பு சுவிட்ச் (செயில் சுவிட்ச்) இணையாது, பற்றவைப்பு நடக்காது, வெறும் குளிர்காற்று மட்டும் வரும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து இருட்டில் சிலிண்டர் மாற்றிப் பயனில்லை. மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 11 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் காரணம் அதுதான்.

இதற்கு வழி: இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரிகள், அல்லது 100 ஆம்ப்-அவர் லித்தியம் ஒன்று. தெர்மோஸ்டாட்டை 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஏற்றாமல் கம்பளி போர்த்திக்கொள்வது செலவில்லாத வழி. காரிலிருந்து ட்ரெய்லருக்கு வரும் 7-பின் வயர் வழியாகவே சார்ஜ் ஏறிவிடும் என்று நம்ப வேண்டாம். அந்த மெல்லிய வயரில் வருவது சொற்பம். கூரை சோலார் பேனலும் மரநிழலில் பேருக்குத்தான்.

ஜெனரேட்டருக்குக் காலையிலும் மாலையிலும் தலா இரண்டு மணி நேரம்தான் அனுமதி. ஓர் இரவுதான் தங்குகிறீர்கள் என்றால் மாலை நேரத்தைத் தவற விடாதீர்கள். இந்த உயரத்தில் கார்புரேட்டர் ஜெனரேட்டர் கிட்டத்தட்ட கால் பங்கு சக்தியை இழக்கும். 1,800 வாட் தருவது 1,400-க்கு வந்துவிடும். பேட்டரி சார்ஜ் செய்ய அது தாராளம், கூரை ஏசியை ஸ்டார்ட் செய்யப் போதாது. மேதரின் வளையச் சாலைப் பகுதிகளில் (லூப்) ஒன்றான பைன் லூப்பில் ஜெனரேட்டரே கூடாது, அமைதி வேண்டுவோர் அதையே பிடிக்கலாம்.

தண்ணீரை ஃபீனிக்ஸிலேயே நிரப்பி மலையேற்ற வேண்டாம்; 30 கேலன் என்றால் 250 பவுண்டு எடை. உள்ளே நுழைந்ததும் டம்ப் ஸ்டேஷனில் (கழிவுநீர்த் தொட்டிகளைக் காலி செய்யும் இடம்) இருக்கும் குடிநீர்க் குழாயில் நிரப்புங்கள். ஆனால் கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்பைக் கட்டாயம் பாருங்கள். தெற்கு விளிம்புக்கே தண்ணீர் பள்ளத்தாக்கின் மறுபுறம், ரோரிங் ஸ்பிரிங்ஸிலிருந்து, 1960-களில் போடத் தொடங்கிய பழைய குழாயில் வருகிறது. அது அடிக்கடி உடையும். 2024 ஆகஸ்ட் இறுதியில் உடைந்தபோது லாட்ஜுகளில் தங்குவதையே நிறுத்தினார்கள். கேம்ப்கிரவுண்ட் குழாய்களையும் அடைத்தார்கள். குளிர்காலத்தில் டம்ப் ஸ்டேஷனும் மூடப்படும்.

நிறுத்தும்போது வரிசை முக்கியம். முதலில் இடவலச் சமன், தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் பிளாக் வைத்து. பிறகு சக்கரங்களுக்கு முட்டு. அதற்குப் பிறகே காரிலிருந்து கழற்றி, முன் ஜாக்கால் முன்பின் சமன். மூலையிலுள்ள ஸ்டெபிலைசர்கள் ஆட்டத்தைக் குறைக்க மட்டுமே. அவற்றால் வண்டியைத் தூக்கினால் அதன் அடிச்சட்டம் வளையும். பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதியான ஸ்லைடு-அவுட்டைத் திறக்கும் முன் ஒருவர் வெளியே நின்று மரக்கிளையைப் பார்க்கட்டும்.

எல்க் மான்கள் லூப்புக்குள்ளேயே உலாவும், வாளியில் தண்ணீர் வைத்தால் வந்து நிற்கும். 100 அடி தள்ளியே இருங்கள், செப்டம்பர் இணைசேரும் பருவத்தில் இன்னும் தள்ளி.

முன்பதிவு ரெக்ரியேஷன்.காவ் (Recreation.gov) தளத்தில் ஆறு மாதம் முன்பே திறக்கும், அமெரிக்கக் கிழக்கு நேரம் காலை 10 மணிக்கு. அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் அங்கே கோடையில் அது 7 மணி, குளிர்காலத்தில் 8. ஒவ்வொரு சைட்டின் நீளத்தையும் பார்த்துப் பதியுங்கள். காரும் ட்ரெய்லரும் இரண்டு வண்டிகளாகக் கணக்காகும், ஒரு சைட்டுக்கு அனுமதியே அவ்வளவுதான். இன்னொரு காரில் நண்பர்கள் வந்தால் அவர்களுக்குத் தனி சைட்.

காலை 11 மணிக்குள் காலி செய்ய வேண்டும். பத்து மணிக்கு மேல் டம்ப் ஸ்டேஷனில் வரிசை நிற்கும், ஒன்பது மணிக்கே போய்விடுவது நல்லது. கறுப்புத் தொட்டியை (கழிவறைக் கழிவு) முதலில் திறந்து காலியாக்கி, பிறகு சாம்பல் தொட்டி (குளியல், சிங்க் தண்ணீர்). சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டே போகும்.