திருகோணமலையில் மெடிக்கல் கோடிங் வகுப்பு: குடுத்த காசுக்குப் பெறுமதியா?

உவர்மலைப் பக்கம் ஒரு மேல்மாடியில் நடக்கும் மெடிக்கல் கோடிங் வகுப்பில் மூன்று மாதம் படித்து முடித்தேன். டொக்டர் எழுதும் நோயையும் அறிகுறியையும் இலக்கக் கோடாக மாற்றும் வேலைதான் இது. குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. "வீட்டில் இருந்தே அமெரிக்க வேலை" என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் சேர்ந்தேன், அந்த வேலை இன்னும் வரவில்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் சேர் படிப்பிக்கும் விதத்துக்குக் காசு குடுக்கலாம். இரண்டு கிழமை முழுக்க ஒரே விஷயம்: இரண்டு காலிலும் பலமில்லை என்று வரும் நோயாளி. அமெரிக்காவில் பாவிக்கும் நோய்க் கோட் பட்டியலான ஐசிடி 10 சிஎம்மில் இதற்கு வழக்கமாகப் போடுவது ஆர் 29.898. வலது, இடது, இரண்டும் என்று பிரிக்கும் இலக்கத்தைத் தேடி நான் அரை மணித்தியாலம் மினக்கெட்டேன், அந்தக் கோடில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. பக்கத்தில் இருந்த பிள்ளை எம் 62.81 போட்டுப் பேச்சு வாங்கினாள், அது உடம்பு முழுக்கத் தசை பலம் குறைவதற்கு.

அப்புறம்தான் சுவாரஸ்யம். அதே நோயாளிக்கு டொக்டர் "பாராபரேசிஸ்" (இரண்டு காலிலும் பலக்குறைவு என்பதற்கான மருத்துவச் சொல்) என்று எழுதிவிட்டால் ஜி 82.20. கால் பலம் ஐந்துக்கு மூன்று என்று குறிப்பில் இருந்தாலும் அந்தச் சொல்லைக் கோடர் தானாகப் போடக்கூடாது, டொக்டரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். "கீயன் பாரே ஆக இருக்கலாம்" என்று, அதாவது கால் பலத்தைக் குறைக்கும் ஒரு நரம்பு நோயைச் சந்தேகித்து, ஓபிடியில் எழுதியிருந்தால் அறிகுறிக்கு மட்டும் கோட், அதையே வார்டில் இருந்து வீட்டுக்கு விடும்போது எழுதினால் நோய் இருப்பதாகவே எடுத்து ஜி 61.0. இது எனக்கு மூன்றாம் நாள்தான் தலைக்குள் ஏறியது.

அன்று இரவு அம்மாவின் பழைய டயக்னோசிஸ் கார்டைத் தேடி எடுத்தேன். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோது தந்தது. இரண்டு கால் பலவீனம், அவ்வளவுதான். எப்போது தொடங்கியது, பலம் எவ்வளவு, சலம் போவதில் கரைச்சல் உண்டா, ஒன்றும் இல்லை. அடுத்த கிளினிக்கில் புது டொக்டர் எல்லாவற்றையும் ஆதியில் இருந்து கேட்டதற்குக் காரணம் இப்போதுதான் விளங்கியது. சலம் சும்மா கேட்கிற கேள்வி இல்லை, முள்ளந்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நெரிபட்டால் காலோடு அதுவும் கெடும், அது அவசரமாக ஒப்பரேஷன் வரைக்கும் போகிற விஷயம்.

இனி குறை. தந்த புத்தகம் பழைய ஃபோட்டோ கொப்பி. இடுப்புப் பகுதியில் முள்ளந்தண்டுக் குழாய் சுருங்குவதற்கு அதில் எம் 48.06 என்றுதான் இருக்கிறது. 2017 ஒக்டோபரில் இருந்து அது எம் 48.061, எம் 48.062 என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது, நடக்கும்போது நரம்பு நெரிந்து கால் நோவு வருகிறதா இல்லையா என்பதை வைத்து. பழையதை அப்படியே அனுப்பினால் இன்சூரன்ஸிடம் காசு கேட்டு அனுப்பும் கிளெய்ம் திரும்பி வரும். கேட்டால் "பேனையால திருத்தி வச்சுக்கொள்ளுங்கோ" என்கிறார்கள், கட்டணத்தை மட்டும் பேனையால் திருத்த விடமாட்டார்களாம்.

இங்குள்ள ஆஸ்பத்திரிப் பதிவு அறையில் வேலை எடுக்க நினைப்பவர்கள் யோசித்துச் சேருங்கள். இலங்கையில் ஓடுவது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 10, அதில் பாராபரேசிஸ் ஜி 82.2 உடன் நின்றுவிடும். இந்த வகுப்பில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சேர்வதென்றால் காலை பேட்ச். பின்னேரம் தகரக் கூரைக்குக் கீழே இருக்க ஏலாது, கீழே ரோட்டில் நிற்கிற மான்கள்கூட நிழல் தேடிப் போய்விடும்.