பதினாறடிக் குழாய்களில் எது முதலில் வாய் திறக்கும்?

ஆர்கன் என்பது குழாய் வரிசைகளில் காற்று ஊதி ஒலிக்கும் கருவி. அதன் தாழ்சுர மிதிகட்டையை மிதித்த கணமே காற்று குழாய்க்குள் பாய்கிறது. சுரம்தான் பிந்துகிறது. வாசிப்பவன் மேல் குற்றமில்லை. 16 அடி வரிசையின் (திறந்த குழாயானால் அதில் மிக நீண்டது 16 அடி) மிகத் தாழ்ந்த சுரம், அதாவது அடி ‘சி’, நொடிக்கு ஏறக்குறைய 33 முறை அதிர்வது. ஓர் அதிர்வுக்கே 30 மில்லிநொடி ஆகிறது. அலை திரும்பத் திரும்ப ஏறி இறங்கிப் பலம் சேர்த்தால்தான் சுரம் நிலைக்கும். குழாய் ‘பேச’, அதாவது சுரம் எழ, பத்து அதிர்வு வேண்டும் என்று வைத்தால், அடி ‘சி’க்கு 0.3 நொடி, நடு ‘சி’க்கு 0.04 நொடிதான்.

திறந்த மரக்குழாயில் கிடைக்கும் கனம் வேறெதிலும் இல்லை. ஆனால் அதன் வயிறு பெரிது. காற்றும் நிறையக் கேட்கும், நிதானமாகத்தான் எழும்.

தலை மூடிய பூர்டன் என்னும் குழாய்க்கு அதே சுரத்துக்குப் பாதி நீளம், 8 அடி போதும். அதனால் தாமதமும் பாதியாகும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்: தலை அடைத்திருப்பதால் ஓர் அதிர்வுக்கு அலை இருமுறை போய்வர வேண்டும். ஆனாலும் காதுக்கு இது சுறுசுறுப்பானது. அடிச்சுரத்துக்கு முன்னால் மூன்று மடங்கு அதிர்வுள்ள மேற்சுரம் ‘சப்’பென்று எட்டிப்பார்க்கும்; நாம் அதையே தொடக்கமாக எடுத்துக்கொள்கிறோம்.

வயலோன் என்னும் ஒல்லிக் குழாய்தான் பெரிய வம்புக்காரன். குறுகிய உடல் மேற்சுரங்களுக்கே இடம் கொடுக்கும். மேல் ஸ்தாயிக்குத் தாவி, தடுமாறி, பிறகுதான் தன் சுரத்தில் அமரும். வாயின் இருபுறமும் உள்ள ‘காது’களுக்கு நடுவே உருளைக்கட்டை ஒன்றைப் பொருத்தினால் ஓரளவு அடங்கும்.

நாக்குக் குழாய் வேறு சாதி. பித்தளை நாக்கே அடித்துத் துடிப்பதால், காற்றுத்தூண் மெல்லத் திரளும்வரை அவ்வளவாகக் காத்திருக்க வேண்டியதில்லை. மேற்சுரங்களும் ஏராளம், தொடக்கம் கூர்மையாகக் கேட்கும். சிட்னி நகர மண்டபத்தின் 1890ஆம் ஆண்டு ஆர்கனில் 64 அடி வரிசையையே நாக்குக் குழாயாக வைத்தார்கள். அடி ‘சி’ நொடிக்கு 8 அதிர்வு, சுரமா படபடப்பா என்பது கேட்பவர் பாடு. ஆனால் பெரிய நாக்கு கனமானது. சரியாக வளைத்துச் சீராக்காவிட்டால் அதுவும் திக்கும். மென்மையான பாட்டில் மற்றவற்றை விழுங்கியும்விடும்.

இசையமைப்பாளர் பாக்கின் ஓடும் மிதிகட்டை வரிகளுக்கு நான் பூர்டனைத்தான் எடுப்பேன், கூடவே ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் ஓர் 8 அடி வரிசையோடு. அந்த வரிசை பாதி நேரத்தில் பேசிவிடும். பூர்டன் பின்னால் வந்து சேர்வது தெரியாது. திறந்த மரக்குழாயை நீண்டு நிற்கும் சுரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.