விடியலில் ஒரே நடையா, சாப்பிட்ட பின் மூன்று நடையா?

கோயமுத்தூர் ரேஸ் கோர்ஸிலோ ஈரோடு வ.உ.சி. மைதானத்திலோ காலை ஐந்தரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். கைவீசி நடந்து வருபவர்களில் ஓய்வு பெற்ற ஆண்களே அதிகம். அதே நேரத்தில் அவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் அடுப்பைப் பற்றவைத்து, தேங்காய் துருவி, பேரனின் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருப்பார்.

அவிநாசிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துச் சாளையிலும் அதே கதைதான். மாமா தினமும் விடிவதற்குள் தார் ரோட்டில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருவார். அவருக்குச் சர்க்கரை இல்லை. அத்தைக்கு ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறது. அவர் வாக்கிங் போனதே இல்லை. அத்தையை நாங்கள் அழைத்துக்கொண்டு போய்க் காட்டும் மருத்துவர் ஒவ்வொரு முறையும் முதலில் கேட்பது, "காலையில் நடக்கிறீர்களா?" என்பதுதான். போன ஆண்டு ஒருநாள், "உங்கள் உடம்பின் மேல் உங்களுக்கே அக்கறை இல்லை" என்று சொல்லிவிட்டார். ஐந்து மணிக்கு எழுந்து, வாசல் தெளித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, ஏழு மணிக்குள் ஆறு பேருக்குச் சமைத்து முடிக்கும் பெண்ணிடம் சொன்ன சொல் அது. வரும் வழியெல்லாம் பேசாமல் வந்தவர் வீட்டில் செருப்பைக் கழற்றும்போது, "எல்லாருக்கும் சோறாக்கி வைத்துவிட்டுத்தானே அம்மணி நான் எங்கேயும் போக முடியும்?" என்றார்.

அன்று இரவுதான் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எண்களைப் பொறுமையாகப் படிப்பது மட்டும் எனக்குப் பழக்கம். காலையில் ஒரே மூச்சாக நடப்பதற்கு அப்படி என்ன தனிச்சிறப்பு? சாப்பிட்ட பிறகு பிரித்துப் பிரித்து நடந்தால் ஆகாதா? எனக்குத் தெரிய வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு ஒன்று 2013இல் அமெரிக்காவில் வெளியானது. அறுபது வயதைத் தாண்டிய, சர்க்கரை நோயின் வாசற்படியில் இருந்த பத்துப் பேரை ஒரு நாள் காலை 45 நிமிடம் நடக்கவைத்தார்கள். இன்னொரு முறை மாலையில் 45 நிமிடம். மற்றொரு முறை ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம். மொத்த நடை மூன்றிலும் ஒன்றேதான். 24 மணி நேரச் சர்க்கரையைக் கணக்கிட்டபோது காலை நடையும் குறைத்தது, சாப்பாட்டுக்குப் பிந்தைய நடையும் குறைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வரும் மூன்று மணி நேரத்தில்தான் இரண்டும் பிரிந்தன. அந்த நேரத்து ஏற்றத்தைச் சாப்பிட்ட பின் நடந்த நடையே மற்ற இரண்டையும் விட நன்றாக அடக்கியது.

இந்த ஆய்வில் நம் ஆட்கள் கவனிக்காமல் தாண்டிவிடும் ஒரு விவரம் இருக்கிறது. அங்கே "காலை நடை" என்பது பத்தரை மணி நடை. காலை உணவு முடிந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகு நடந்தது. வெறும் வயிற்றோடு இருட்டில் நடக்கும் நம் ஊர் வாக்கிங் அந்தப் பரிசோதனையில் இல்லவே இல்லை. காலை நடைக்குச் சான்று என்று அதைக் காட்டுபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். 2016இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் இதையே சற்றுப் பெரிதாகச் செய்தார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 41 பேர். இரண்டு வாரம், நாளுக்கு 30 நிமிடம், எப்போது முடிகிறதோ அப்போது நடக்கலாம். இடையில் ஒரு மாதம் விட்டு இன்னும் இரண்டு வாரம், மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடம். அதே ஆட்கள், அதே அளவு நடை. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை, பத்து நிமிட நடைகளில் சராசரியாக 12 விழுக்காடு குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 விழுக்காடு. மாவுச்சத்தை அதிகம் சாப்பிடுவதும், சாப்பிட்டுவிட்டு அசையாமல் உட்கார்வதும் அந்த வேளையில்தான் என்று ஆய்வாளர்கள் காரணம் சொன்னார்கள்.

அதைப் படித்தபோது எங்கள் வீட்டு எட்டு மணி கண்முன் வந்து நின்றது. தட்டு நிறையச் சந்தகை, அல்லது மதியம் மிஞ்சிய அரிசியும் பருப்பும் சாதம். பிறகு தொடர் பார்க்க உட்கார்ந்தால் படுக்கைக்குத்தான் எழுந்திருப்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வு, நாம் பெறும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது. அதே ஆய்வுதான் 2023இல், இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும் தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு என்றும் கணக்குக் கொடுத்தது. சோற்றைக் குறைப்பதுதான் முதல் வேலை, அதை மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு மாவுச்சத்து சாப்பிடும் ஒரு மண்ணில், நடக்கும் நேரத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்லாமல் விடியலோடு முடிச்சுப் போட்டு வைத்திருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இதன் சூட்சுமம் எளிமையானது. நடக்கும்போது தொடைத் தசையும் கெண்டைத் தசையும் சுருங்கி விரிகின்றன. வேலை செய்யும் தசை, இன்சுலினின் துணை இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட அரை மணி முதல் ஒன்றரை மணிக்குள் சர்க்கரை உச்சத்துக்கு ஏறும். அது ஏறும் நேரத்திலேயே கால் அசைந்தால் உச்சம் தணிகிறது. அடுத்த நாள் விடியலில் நடக்கும்போது அந்த உச்சம் வந்து போய்விட்டிருக்கும்.

இந்த அளவில் முடித்திருந்தால் சாப்பாட்டுக்குப் பின் நடைதான் வெற்றி என்று எழுதியிருப்பேன். ஆனால் சர்க்கரை மட்டுமே உடம்பு அல்ல. இதயத்தைப் பற்றிப் படித்தபோது என் கட்சி ஆட்டம் கண்டது.

2025இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பிரிட்டனில் நாளுக்கு 8,000 அடிகளுக்குள் நடக்கும் 33,560 பேரை எடுத்துக்கொண்டது. கையில் கட்டிய கருவியின் பதிவை வைத்து, யார் துண்டு துண்டாக நடக்கிறார்கள், யார் நீளமாக நடக்கிறார்கள் என்று பிரித்தார்கள். ஒன்பதரை ஆண்டுகளில் இதய, ரத்தநாள நோய் வரும் வாய்ப்பு, ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த நடைகளாகவே பெரும்பாலும் நடந்தவர்களிடம் நூற்றுக்கு 13. பதினைந்து நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து நடந்தவர்களிடம் நூற்றுக்கு நான்கரைக்கும் குறைவு. "சமையலறைக்கும் களத்துக்கும் நாளெல்லாம் நடக்கிறேனே, அது நடை இல்லையா?" என்று அத்தை கேட்ட கேள்விக்கு இதில் கசப்பான பதில் இருக்கிறது. நின்று நின்று நடக்கும் நடை நடைதான். ஆனால் இதயத்துக்கு அது மட்டும் போதவில்லை.

காலையில் ஒரே மூச்சாக நடப்பதன் பலம் இங்கே தெரிகிறது. மாமா ஒரு மணி நேரம் கழித்து மூச்சு வாங்கத் திரும்பி வரும்போது அவர் நெஞ்சுக்கு ஒரு பயிற்சி கிடைத்திருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் நம் பக்கம் ஒன்பது மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாது என்பதையும் காலையின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எனினும் 2025 ஆய்வை அப்படியே தலைமேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. அது நடப்பவர்களைக் கவனித்த ஆய்வு. நடக்கச் சொல்லிப் பரிசோதித்த ஆய்வு அல்ல. நீளமாக நடக்க முடிகிறவர், ஏற்கெனவே உடல் நன்றாக இருப்பதால் நடக்கிறாரோ என்னவோ. இந்தச் சந்தேகத்துக்கு நல்ல பழங்கதை ஒன்று உண்டு. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களைப் பார்த்தார். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது என்று 1953இல் எழுதினார். உடற்பயிற்சி ஆராய்ச்சிக்கே அதுதான் பிள்ளையார் சுழி. மூன்று ஆண்டு கழித்து அவரே அவர்களின் சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களுக்குக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவு, வேலைக்குச் சேர்ந்த வயதிலேயே பெரிதாக இருந்தது. அதாவது வித்தியாசத்தில் ஒரு பங்கு வேலைக்கு முன்பே இருந்திருக்கிறது. தன் முடிவைத் தானே சோதித்த அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

துண்டு நடைக்கும் ஒரு ஆறுதல் உண்டு. தனியாக உடற்பயிற்சி செய்யாத 25,000 பேரை 2022இல் பார்த்த ஆய்வில், அன்றாட வேலையின் நடுவே நாளுக்கு மூன்று முறை, ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வாங்கும் வேகத்தில் இயங்கியவர்களிடம் இதய நோய் மரணம் ஏறக்குறைய பாதியாக இருந்தது. தண்ணீர்க் குடத்தோடு மேடேறுவது அந்தக் கணக்கில் வரும். நிதானமாகத் துணி மடிப்பது வராது.

பத்தாயிரம் அடிக் கணக்கைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவிக்கு "பத்தாயிரம் அடி அளவி" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்; அந்த எண் அப்படியே ஊர் உலகத்துக்குப் பரவிவிட்டது. 2025இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், 2,000 அடி நடப்பவரோடு ஒப்பிட்டால் 7,000 அடி நடப்பவருக்கு மரண வாய்ப்பு 47 விழுக்காடு குறைவு என்றார்கள். கைப்பேசியில் பத்தாயிரம் வரவில்லை என்று யாரும் மனம் உடைய வேண்டாம்.

எங்கள் கம்பெனிக்கு வருகிறேன். பவர் டேபிள் முன் உட்காரும் டெய்லர்கள் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை உட்கார்ந்தே இருக்கிறார்கள். விடியலில் வாக்கிங் போகச் சொன்னால் அவர்கள் எப்போது தூங்குவது? உட்கார்ந்திருப்பதை நடுநடுவே முறித்த ஏழு ஆய்வுகளை 2022இல் அயர்லாந்தில் தொகுத்தார்கள். சாப்பிட்ட பின் எழுந்து நின்றாலே சர்க்கரை கொஞ்சம் தணிந்தது. இரண்டு முதல் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தபோது இன்னும் நன்றாகத் தணிந்தது. பீஸ் கணக்கில் கூலி வாங்குபவரிடம் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிட்ட கையோடு காம்பவுண்டைச் சுற்றி வாருங்கள் என்று சொல்லலாம். சொன்னேன். செக்கிங் பகுதியிலிருந்தும் டெய்லர்களிலிருந்தும் நான்கு பெண்கள் என்னோடு நடக்கிறார்கள்.

எனவே என் தேர்வு இது. ஒரு நாளில் ஒரே ஒரு நடைக்குத்தான் இடம் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது என்றால், அது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. தட்டைக் கழுவி வைத்த அரை மணிக்குள் கிளம்ப வேண்டும். எவ்வளவு நேரம்? பத்து நிமிடம் சர்க்கரைக்குப் போதும். ஆனால் பதினைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013 ஆய்வில் சாப்பாட்டுக்குப் பின் நடந்ததும் பதினைந்து. இதயத்தைப் பார்த்த 2025 ஆய்வில் நல்ல பக்கத்துக்குப் போக வேண்டிய அளவும் பதினைந்து. நடுவில் நிற்காமல் நடந்தால் இரண்டுக்கும் ஒரே நடை பதில் சொல்லிவிடும். சர்க்கரை இல்லை, காலை நேரம் கையில் இருக்கிறது என்றால் மாமாவைப் போல விடியலில் நடக்கலாம். அதை மாற்றச் சொல்ல எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். தாழ்சர்க்கரை மயக்கம் வந்தால் விடிகாலை ரோட்டில் பிடிக்க ஆள் இருக்காது.

காலுக்குச் செருப்பு கட்டாயம். தைப்பூசத்துக்குப் பழனிவரை வெறுங்காலோடு நடக்கிற ஊர் நம்முடையது. அந்த வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் குத்தினாலும் தெரியாது, கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. நடந்து வந்ததும் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: இரவு நடை களத்தோடும் வாசலோடும் நிற்கட்டும். வரப்புப் பக்கம் போக வேண்டாம்; கண்ணாடி விரியன் இரவில்தான் அதிகம் நடமாடும்.

அத்தை நடக்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. களத்தைச் சுற்றிப் பதினைந்து நிமிடம். வீட்டு மீட்டரில் நடந்த இரவுகளின் எண் நடக்காத இரவுகளைவிடக் குறைவாகவே வருகிறது. ஒருத்தர் வீட்டு மீட்டர் ஆய்வாகிவிடாது; அதனால் அந்த எண்களை நான் இங்கே எழுதவில்லை. மாற்றம் வேண்டியிருந்தது ஒரே ஒரு இடத்தில்தான்: இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் துலக்கும் வேலை அத்தையிடமிருந்து கைமாற வேண்டியிருந்தது. அவர் நடக்கும் பதினைந்து நிமிடத்தில் இப்போது மாமா பாத்திரம் துலக்குகிறார்.