பவளத்துக்குள் யார் குடியிருந்தால் நல்லது?

கடல் உயிரியான பவளத்தின் பழுப்பு நிறம் அதன் சொந்த நிறமல்ல. சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியுடையது. சாப்பாட்டில் பெரும்பங்கும் அந்தக் குடித்தனக்காரர் தருவதுதான். ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டான கிரேட் பேரியர் ரீஃபில் இந்தப் பாசியில் இரண்டு வகை முக்கியம்.

கிளாடோகோப்பியம் தாராள மனசு. மேக்னெட்டிக் தீவருகே இதை வைத்திருந்த இளம் அக்ரோபோரா பவளங்கள், டுருஸ்டினியம் வைத்திருந்தவற்றைவிட 2 முதல் 3 மடங்கு வேகமாக வளர்ந்தன. ஆனால் கடல் சூடேறினால் முதலில் கைவிடுவதும் இதுதான். பவளம் எலும்பு போல் வெளுத்து நிற்கும்.

டுருஸ்டினியம் கஞ்சன், சர்க்கரையை அளந்துதான் கொடுக்கும். பதிலுக்கு, சுமார் 1 முதல் 1.5 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டைத் தாங்க வைக்கும். அற்பமாகத் தெரிகிறதா? கோடை உச்சத்தை 1 டிகிரி தாண்டிச் சில வாரம் நீடித்தாலே வெளிறல் தொடங்கிவிடும். அடிக்கடி கொதிக்கும் கடலென்றால் என் ஓட்டு கஞ்சனுக்கே.